விழித்திரையில் ரத்தக்குழாய் அடைப்பு: ஊசியா, ஸ்டீராய்டா, லேசரா?

"விழித்திரையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, நடுவுல நீர் கோத்திருக்கு" என்று சொல்லிவிட்டு ரெட்டினா டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு மூன்று மருந்துகளின் பெயரை எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விலை. முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம்கூட இருக்கும். "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க."

செட்டிநாட்டில் அந்தக் கலந்துபேசல் பெரும்பாலும் வாட்ஸப்பில்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், விலையைப் பார்க்காமல் இருக்கிறதிலேயே நல்லதைப் போடச் சொல்வார். சென்னையில் இருக்கும் மகள் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்பார். உறவில் ஒருவர் தனக்கு லேசரிலேயே சரியாகிவிட்டது என்று சொல்லி வைப்பார். கண்ணைக் காட்டிவிட்டு வந்த ஆச்சியோ பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு, "ஏம்ப்பா, கண்ணுக்குள்ளேயா ஊசி போடுவாக?" என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்பார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரனாக நான் பலமுறை இருந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் பெரியவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறவன். அதற்காகவே இந்த நோயைப் பற்றி விடாமல் படித்து வருகிறவன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துகளுக்குள் இருக்கும் வித்தியாசம் சின்னது. தொடர்ந்து போகிறவருக்கும் பாதியில் விடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அதனால் முதல் ஊசியின் விலையோடு கணக்கை நிறுத்திவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு யார் துணைக்குப் போவார், எவ்வளவு செலவு தாங்கும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடைப்பது எது, ஏன்

விழித்திரைக்கு ரத்தம் கொண்டு வருவது தமனி, திரும்ப எடுத்துப் போவது சிரை. இங்கே அடைவது சிரை. கண்மாய்க்கு வரத்து நிற்காமல் இருக்க, கழுங்கு மட்டும் அடைத்துக்கொண்டால் கரை கசிகிற கதைதான். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது, நுண்குழாய்கள் கசிகின்றன, விழித்திரையில் ரத்தத் திட்டும் நீர்வீக்கமும் உண்டாகின்றன. வீக்கம் மாக்குலா என்னும் நடுப்பகுதியைத் தொட்டால் பார்வை மங்குகிறது. வலி இருக்காது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வருவதால், மற்றக் கண் பார்த்துக்கொள்ளும். பல பேருக்கு வாரக்கணக்கில் தெரிவதே இல்லை.

அடைப்பு இரண்டு வகை. விழித்திரைக்குள் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் உறை உண்டு. வருடக்கணக்கான பிரஷரில் தடித்து இறுகிப்போன தமனி, பக்கத்தில் இருக்கும் மெல்லிய சிரையை அந்த இடத்தில் நசுக்குகிறது. ரத்தம் சுழித்து, உறைந்து, அந்தக் கிளை மட்டும் அடைகிறது. இது கிளைச் சிரை அடைப்பு. இன்னொன்று மையச் சிரை அடைப்பு: எல்லாக் கிளைகளும் சேர்ந்து கண்ணின் பின்பக்கம் பார்வை நரம்பு வழியே வெளியேறும் இடுக்கான இடத்திலேயே ரத்தம் உறைந்துவிடுவது. இதில் விழித்திரை முழுவதும் பாதிக்கப்படும். கிளை அடைப்புதான் அதிகம் பேருக்கு வருகிறது. மைய அடைப்புதான் அதிகம் கெடுக்கிறது. உங்கள் சீட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இனிமேல் சொல்லப்போகும் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

காரணங்களில் முதலிடம் பிரஷருக்கு. அப்புறம் சுகர், கொலஸ்ட்ரால், புகை, வயது. மைய அடைப்புக்குக் கிளாக்கோமா, அதாவது கண் பிரஷரும் ஒரு காரணம். ஐம்பது வயதுக்குள் ஒருவருக்கு வந்தால் கதை வேறு. ரத்தம் சுலபமாக உறையும் கோளாறு, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவு, பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை என்று டாக்டர் தேடுவார். அந்த வயதில் வந்தவர் கண் டாக்டரோடு நிறுத்தாமல் பொது மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு கண் திடீரென்று விளக்கணைந்த மாதிரி முழுக்க இருண்டுவிட்டால் அது தமனி அடைப்பாக இருக்கலாம். அது பக்கவாதத்துக்குச் சமமான அவசரம். மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. வீட்டில் கூடிப் பேச அதில் இடமே இல்லை.

சும்மா இருந்து பார்க்கலாமா?

இதுவும் ஒரு வழிதான், அதனால் இதையும் எடைபோட்டுப் பார்ப்போம். கிளை அடைப்பில் நடுப்பகுதி தப்பித்திருந்தால், பார்வை நன்றாகவே இருந்தால், டாக்டரே "மாசம் ஒருமுறை வாங்க, பார்த்துக்குவோம்" என்பார். அது சரியான முடிவு. கிளை அடைப்பு ஓரளவுக்குத் தானாகவும் தேறுகிறது. 2010-ல் வெளியான பிராவோ என்ற ஆய்வில், மருந்து இல்லாமல் ஊசி போடுவதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் சராசரியாக ஏழு எழுத்து கூடியது. அவர்களில் தேவைப்பட்டவர்களுக்கு லேசர் மட்டும் கொடுத்தார்கள். ராணிபிசுமாப் என்ற மருந்தை ஊசியாகப் போட்டவர்களுக்கு 18 எழுத்து கூடியது. ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் ஐந்து எழுத்து ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வரிக்கும் மூன்றரை வரிக்கும் உள்ள தூரம் அது. பத்திரிகை படிக்க முடிவதும் முடியாததும் பல நேரம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

மைய அடைப்பில் காத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே வருடம் வந்த குரூஸ் ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 15 எழுத்து கூடியது. போடாதவர்களுக்கு ஒரு எழுத்துகூட முழுசாக ஏறவில்லை. என்னைப் பாதித்தது அதற்கு அடுத்த பகுதி. ஆறு மாதம் கழித்து அந்த இரண்டாம் கூட்டத்துக்கும் ஊசி தொடங்கினார்கள். வருட முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது ஏழு எழுத்துதான். முதலிலேயே தொடங்கியவர்களோ 14 எழுத்தில் நின்றார்கள். தாமதித்ததில் போனது திரும்பி வரவில்லை. "தை மாசக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மைய அடைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரத்த ஓட்டமே குறைந்துபோன வகையாக இருந்தால், பட்டினி கிடக்கும் விழித்திரை புதிதாகக் கெட்ட ரத்தக்குழாய்களை வளர்க்கத் தூண்டும். அவை கருவிழியைச் சுற்றிப் படர்ந்து கண் பிரஷரைத் தாறுமாறாக ஏற்றும். முதல் மூன்று நான்கு மாதங்களில்தான் இது அதிகம் வருவதால் இதை நூறு நாள் கிளாக்கோமா என்றே சொல்வார்கள். பார்வையோடு போகாமல் தாங்க முடியாத வலியும் தரும். நல்ல வகை என்று முதலில் சொல்லப்பட்ட மைய அடைப்பிலும், மூன்று வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு கண்கள் இந்தக் கெட்ட வகைக்கு மாறிவிடுகின்றன என்று பழைய பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. எனவே சும்மா இருப்பது என்று முடிவெடுத்தாலும் மாதாமாதம் காட்டுவதை விட முடியாது.

கண்ணுக்குள் போடும் ஊசிகள்

அடைபட்ட விழித்திரை விஇஜிஎஃப் என்ற ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. குழாய்களைக் கசிய வைப்பதும் புதுக் குழாய்களை வளர்ப்பதும் அதுதான். இந்த ஊசிகள் அதைப் பிடித்து முடக்குகின்றன. அடைப்பை அவை திறப்பதில்லை. உடல் மாற்றுப்பாதை உண்டாக்கிக்கொள்ளும்வரை வீக்கத்தை அடக்கி வைக்கின்றன. மருந்தின் வேலை நான்கு முதல் எட்டு வாரத்தில் தீர்ந்துபோவதால் மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கிறது. "ஒரு ஊசியில நல்லாத் தெரிஞ்சுச்சு, அப்புறம் மறுபடி மங்கிருச்சு, ஊசி வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கண் போகிறது. அந்த ஊசி வேலை செய்ததால்தான் நடுவில் நன்றாகத் தெரிந்தது.

இப்போது பெயர்களுக்கு வருவோம். விலை குறைந்தது பெவாசிசுமாப். அவாஸ்டின் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். 2004-ல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. கண்ணுக்கு என்று கம்பெனி அனுமதி வாங்கவில்லை, ஆனாலும் உலகம் முழுக்கக் கண் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அடுத்தது கண்ணுக்கென்றே செய்த ராணிபிசுமாப். லூசென்டிஸ் அதன் மூலப்பெயர். 2015-ல் இந்தியாவிலேயே ராசுமாப் என்ற பெயரில் அதன் ஒப்புமருந்து வந்தபிறகு விலை நன்றாகக் குறைந்தது. மூன்றாவது அஃப்லிபெர்செப்ட், ஐலியா என்று எழுதுவார்கள், விலை கூடினது. ஃபாரிசிமாப் இவற்றிலெல்லாம் புதியது. அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது 2023-ல்தான்.

விலைக்கேற்ற வித்தியாசம் உண்டா? இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு பதில் தருகின்றன. 2017-ல் அமெரிக்காவில் வந்த ஸ்கோர்-2, மைய அடைப்பில் மாதாமாதம் ஆறு ஊசி போட்டுப் பார்த்தது. பெவாசிசுமாப் போட்டவர்களுக்கு 18.6 எழுத்து, அஃப்லிபெர்செப்ட் போட்டவர்களுக்கு 18.9 எழுத்து. ஏறக்குறைய சமம். 2019-ல் இங்கிலாந்தில் வந்த லியாவோ, 463 பேரை 100 வாரம் பின்தொடர்ந்தது. அங்கே அஃப்லிபெர்செப்டுக்கு 15.1, ராணிபிசுமாப்புக்கு 12.5, பெவாசிசுமாப்புக்கு 9.8. பெவாசிசுமாப் மற்றவற்றுக்குச் சளைத்ததில்லை என்று அந்த ஆய்வால் உறுதி செய்ய முடியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: ஒழுங்காக மாதாமாதம் போட்டால் விலை குறைந்த மருந்தே போதும். இடைவெளி கூடக்கூட விலை கூடின மருந்து சற்றுத் தாக்குப்பிடிக்கிறது.

லியாவோவிலிருந்து இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 100 வாரத்தில் ஒருவருக்குச் சராசரியாக 10 முதல் 12 ஊசி ஆனது. வீட்டில் கணக்குப் போட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். விலை கூடின மருந்தில் இரண்டு போட்டுவிட்டுக் காசு தீர்ந்து நிற்கிற குடும்பத்தைவிட, விலை குறைந்த மருந்தில் பத்தையும் முடிக்கிற குடும்பத்தின் கண் நன்றாக இருக்கும். பணம் தடையில்லை, ஆனால் துணைக்கு ஆள் அடிக்கடி கிடைக்காது என்றால் அஃப்லிபெர்செப்ட் பக்கம் சாயலாம்.

அவாஸ்டினில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புற்றுநோய் அளவுக்குத் தயாரான குப்பியில் நான்கு மில்லிலிட்டர் இருக்கும். கண்ணுக்கு வேண்டியது 0.05 மில்லிலிட்டர். ஒரே குப்பியிலிருந்து பல சிரிஞ்சுகளில் பிரிப்பார்கள். பிரிக்கும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் ஒரே நாளில் பல கண்களுக்குக் கிருமி போய்விடும். 2016 தொடக்கத்தில், குஜராத்தில் சிலருக்குப் பாதிப்பு வந்தபின், கண்ணுக்கு இதைப் பயன்படுத்துவதற்கு எதிராக மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரிக்கை விட்டு, பிறகு விலக்கிக்கொண்டார். எனவே, "மருந்தை எங்கே பிரிக்கிறீங்க, ஆபரேஷன் தியேட்டரிலா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஊசி போடும் அந்த நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பயம் அதில்தான் இருக்கிறது. முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து. அப்புறம் பழுப்பு நிறத்தில் பொவிடோன் அயோடின். கண்ணைச் சுற்றியும் கண்ணுக்குள்ளும் விடுவார்கள். எரிச்சல் இதில்தான், கிருமியைக் கொல்வதும் இதுதான். முகத்தில் பச்சைத் துணி மூடி, இமைகளை ஒரு கிளிப்பால் பிரித்து வைத்து, "காலைப் பார்க்கிற மாதிரி கீழே பாருங்கம்மா" என்பார்கள். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில் மயிரிழை போன்ற ஊசி உள்ளே போய் வந்துவிடும். சில நொடிதான். ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவே. ஆச்சி வெளியே வந்து "இதுக்கா ராத்திரி முழுக்கத் தூங்காம கெடந்தேன்?" என்றார். அன்றைக்குக் கண்ணுக்குள் கறுப்புக் குமிழி மிதப்பதுபோலத் தெரிவதும், வெள்ளைப் பகுதி ஓர் இடத்தில் சிவந்திருப்பதும் சகஜம்.

கடந்த சில மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்த ஊசிகளைத் தள்ளிப்போடுவது பற்றி டாக்டர் யோசிப்பார்.

ஸ்டீராய்டு குச்சி

ஒசூர்டெக்ஸ் என்பது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அடங்கிய மிகச் சிறிய குச்சி. கண்ணுக்குள் செலுத்தினால் மெல்லக் கரைந்தபடி மூன்று நான்கு மாதம் வேலை செய்யும். திரும்ப எடுக்க வேண்டியதில்லை. 2009-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு முதன்முதலாக அனுமதி பெற்ற கண் ஊசி மருந்தே இதுதான். மாதாமாதம் மதுரைக்குக் கூட்டிப் போக ஆள் இல்லாத வீட்டுக்கு இது கவர்ச்சியாக இருக்கும். கவர்ச்சி நியாயமானதுதான், ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு கண் பிரஷரை ஏற்றும். இந்தக் குச்சியைப் பற்றிய ஜெனிவா என்ற ஆய்வில், போட்ட 60-ம் நாள் வாக்கில் நூற்றுக்குப் பதினாறு பேருக்குக் கண் பிரஷர் 25-ஐத் தொட்டது அல்லது தாண்டியது. பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு மருந்திலேயே அடங்கியது. கண்புரையையும் வளர்க்கும். ஆகவே கிளாக்கோமா உள்ளவருக்கு இது வேண்டாம். ஐம்பது வயதில், சொந்த லென்ஸோடு இருப்பவருக்கு இது என் முதல் தேர்வாக இருக்காது. கேட்ராக்ட் ஆபரேஷன் முன்பே முடிந்து, கண் பிரஷர் சரியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு, அதுவும் மாரடைப்பு வந்தவருக்கு, இது நல்ல வழி.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு முக்கியமான ஒரு குறிப்பு. இருபது முப்பது வருடம் முன்பு முகாமில் கேட்ராக்ட் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்கு லென்ஸ் வைத்திருக்கவே மாட்டார்கள், சிலருக்கு முன்பக்கமாக வைத்திருப்பார்கள், சிலருக்குப் பின்பக்கப் பை கிழிந்திருக்கும். அப்படிப்பட்ட கண்ணில் இந்தக் குச்சி முன்பக்கம் நழுவி வந்து கருவிழியைக் கெடுத்துவிடும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவிலோ பெட்டகத்திலோ இருந்தால் தேடி எடுத்துப் போங்கள்.

குச்சி போட்டவரும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் கண் பிரஷர் பார்த்தாக வேண்டும். அதற்கு மதுரை போக வேண்டியதில்லை. காரைக்குடியில் இருக்கும் கண் டாக்டரிடமே பார்த்து, அந்த எண்ணை ரெட்டினா டாக்டருக்கு அனுப்பிவிடலாம். ட்ரையம்சினோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு விலை மிகக் குறைவு, பக்கவிளைவு கூடுதல். கையில் வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

லேசர்

கிளை அடைப்பின் வீக்கத்துக்கு லேசர் உதவும் என்று 1984-லேயே நிரூபித்தார்கள். இருபத்தைந்து வருடம் அதுதான் வைத்தியமாக இருந்தது. "எனக்கு லேசர்லேயே சரியாப் போச்சு" என்கிற உறவினர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசி வந்தபிறகு லேசர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. ஊசியில் அடங்காத கிளை அடைப்புக்குக் கூடுதலாக வைக்கிறார்கள். மைய அடைப்பின் வீக்கத்துக்கு லேசர் பயனில்லை: வீக்கம் குறைந்தும் பார்வை கூடவில்லை என்று 1995-லேயே தெரிந்துவிட்டது. புதுக் கெட்ட குழாய்கள் முளைத்துவிட்டால் மட்டும் லேசர்தான் இன்றும் முக்கிய வைத்தியம். அப்போது டாக்டர் உடனே வைக்க வேண்டும் என்றால் நாள் பார்க்காதீர்கள்.

கண் சொட்டு மருந்து விழித்திரை வீக்கத்தைத் தீர்க்காது. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரையால் இந்த அடைப்புத் திறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதேநேரம், இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர் "கண்ணில் ரத்தக் கசிவு" என்று கேட்டுப் பயந்து தானாக நிறுத்திவிடவும் கூடாது.

மதுரையா, திருச்சியா, உள்ளூரா?

மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த இடம். செட்டிநாட்டில் கண் என்றாலே மதுரை என்று வாயில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ரெட்டினாவுக்கென்றே தனிப் பிரிவு, எல்லா ஸ்கேனும் ஒரே இடத்தில். பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கூட்டத்தில் ஒரு முழு நாள் போய்விடும். கண் பாவையை விரிக்கும் சொட்டு விட்டபின் அன்று முழுக்கக் கூசும், எழுத்து தெரியாது. தனியாகப் பஸ் ஏறித் திரும்புவது ஆகாத காரியம். புதுக்கோட்டை வழியாகத் திருச்சி கிட்டத்தட்ட அதே தூரம். ரயில் வசதி இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது சௌகரியம்.

உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ ரெட்டினா நிபுணர் வந்து பார்க்கும் இடம் இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். விழித்திரை வீக்கத்தைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் அங்கேயே உண்டா? ஊசி தியேட்டரில் போடுகிறார்களா, சாதாரண அறையிலா? ஊசி போட்ட மூன்றாம் நாள் ராத்திரி கண் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் நான் யாரையும் ஊசி போட்டுக்கொள்ள விடமாட்டேன்.

எனக்குச் சரியாகப் படுவது இரண்டையும் கலப்பது. நோயை உறுதி செய்வது, சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ, முதல் மூன்று ஊசி, இவை பெரிய இடத்தில். அப்புறம் டாக்டரிடம் இடைவெளியை நீட்டிக்கொண்டு போகும் முறையைப் பற்றிக் கேளுங்கள். வீக்கம் வற்றியபின் அடுத்த ஊசியை ஆறு வாரத்தில், அதற்கடுத்ததை எட்டு வாரத்தில் என்று தள்ளிப் போடுவது அது. போகிற ஒவ்வொரு முறையும் ஸ்கேனும் ஊசியும் சேர்ந்தே முடிந்துவிடும். "வந்து பார்ப்போம், தேவைப்பட்டால் போடுவோம்" என்கிற முறையில் ஊசி குறையலாம், ஆனால் பயணம் குறையாது. அறுபது மைல் தள்ளியிருக்கும் நமக்கு முதல் முறைதான் ஒத்துவரும்.

தேதி கொடுக்கும்போது ஊர்க் காலண்டரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடந்து போகிறவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லி, ஊசிக்கும் நடைக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி கேளுங்கள். வழியில் பிரஷர் மாத்திரையும் பையில் இருக்க வேண்டும்.

செலவு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இந்தக் கண் ஊசிகளுக்கு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை என்பதால் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மறுத்து வந்தன. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் கண்ணுக்குள் போடும் ஊசியும் இடம்பெற்றது. ஆனால் பாலிசிக்குப் பாலிசி உச்சவரம்பு வேறுபடும். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த பாலிசியை முதல் ஊசிக்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு

எந்த ஊசியைத் தேர்ந்தாலும் நோயின் காரணம் கண்ணுக்கு வெளியேதான் இருக்கிறது. பிரஷர் மாத்திரையை "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிட்டவர்களைத்தான் ரெட்டினா பிரிவின் பெஞ்சில் நான் அதிகம் பார்க்கிறேன். வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வைத்து, காலையும் மாலையும் பார்த்து, நோட்டில் எழுதுங்கள். 140/90-க்குக் கீழே இருந்தாக வேண்டும். பலருக்கு டாக்டர் 130/80 என்று கேட்பார். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளம், மோர்மிளகாய், உப்புக்கண்டம், ஊறுகாய் என்று நம் இலையில் ஓரமாக வைக்கிறதிலேயே அந்த ஐந்து கிராம் தீர்ந்துவிடும். சுகரும் கொலஸ்ட்ராலும் அதே நோட்டில் வரட்டும். சிகரெட் இருந்தால் அதை நிறுத்துவது எந்த ஊசிக்கும் குறைந்த வைத்தியம் இல்லை. கிளை அடைப்பு வந்த சிலருக்குப் பிற்பாடு மற்றக் கண்ணிலும் வருகிறது.

அந்த மற்றக் கண்ணைக் காக்க நம் வீடுகளிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓரக்கரைக் கோடுகள் நேராக ஓடுகின்றன. வாரம் ஒருமுறை, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மற்றக் கண்ணால் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு நெளிந்தாலோ நடுவில் கறுத்துத் தெரிந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திராமல் போங்கள். நல்ல கண்ணுக்கும் ஊசி போட்ட கண்ணுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டையும் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஊசி போட்டு வீடு வந்ததும் செய்ய வேண்டியவை சில. கண்ணில் தண்ணீர் படாமல் டாக்டர் சொன்ன நாள்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம்; சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் தள்ளி வையுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. முதல் நாள் கரகரப்பு அயோடினால் வருவது, அது மறுநாள் குறைய வேண்டும். குறையாமல் வலி ஏறினாலோ, சிவப்பு பரவினாலோ, வெளிச்சம் பட்டால் தாங்க முடியாமல் போனாலோ, முந்தின நாளைவிடப் பார்வை மங்கினாலோ கண்ணுக்குள் கிருமி போயிருக்கலாம். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்குத்தான் இப்படி ஆகும். ஆனால் அந்த ஒன்றில் சில மணி நேரத் தாமதமே கண்ணைக் கொண்டுபோய்விடும். சொட்டு மருந்து விட்டு விடியட்டும் என்று படுக்காமல், ஊசி போட்ட இடத்தைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, ராத்திரியானாலும் கார் பிடித்துக் கிளம்பிவிடுங்கள்.